பனிக்குள் நடந்த சண்டை

நடக்காத ஒரு சண்டையைப் பற்றி மூன்றாவது நாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நான் கண்ணால பார்த்திருக்கேன்," என்றார் டைரக்டர். போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜின் மாடி அறையில், கட்டிலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "கடைசி வாரம். செக்போஸ்ட். ஒரே பனி. அதுக்குள்ள வீரணனும் ஜீப்காரனும் கட்டிப் புரள்றாங்க. அப்ப நான் மெட்ராஸ்ல காலேஜ் படிச்சுட்டிருந்தேன். எங்க தெருவுலயே ஒரே ஒரு வீட்டுலதான் டிவி. அவங்க ஜன்னல் கம்பியில தொங்கிக்கிட்டுப் பார்த்தேன். இன்னைக்கும் அந்த ஃபைட் கண்ணுக்குள்ள நிக்குது."

"சண்டை இல்லைங்க," என்றார் கோட்டைச்சாமி. இதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. "ரெண்டு பேரும் நிக்கிறாங்க. அம்புட்டுத்தான். பனி விலகுற வரைக்கும் நிக்கிறாங்க."

"எதுக்கு மாப்ளே நிக்கிறாய்ங்க? பஸ்ஸுக்கா?" என்றார் பெரியகருப்பன்.

உதவி டைரக்டர்கள் சிரித்தார்கள். பெரியகருப்பன்தான் படத்துக்குத் தயாரிப்பாளர். போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையில்தான் பதினைந்து வருடமாகக் கோட்டைச்சாமி காயைத் தரம் பிரித்து, ஏலத்துக்கு மாதிரி எடுத்து வைக்கிற வேலை பார்க்கிறார். மனைவிக்குத் தாய்மாமன் வேறு. எதிர்த்துப் பேசுவதற்கு எந்தப் பக்கமும் இடமில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால், எழுபத்தேழில், கோட்டைச்சாமி எழுதிய கதை 'மேட்டுக் காவல்' என்ற பெயரில் மெட்ராஸ் டிவியில் எட்டு வாரம் வந்தது. அதைத்தான் இப்போது சினிமாவாக எடுக்கிறார்கள். மலைமேல் செக்போஸ்ட்டில் தனியாகக் காவல் நிற்கும் வீரணன் என்கிறவன், கேரளத்துப் பக்கமிருந்து திருட்டுத்தனமாக இறங்கும் ஏலக்காய் லோடுகளை மறிக்கிற கதை. துரத்தல் உண்டு, துப்பாக்கி உண்டு, பள்ளத்தில் உருளும் ஜீப்பு உண்டு. நாடகக் குழு வைத்திருந்த ஒரு நண்பர் வாடகைக் கேமராவோடு போடிமெட்டுக்கு வந்து எடுத்துப் போனார். போடியில் அப்போது டிவி எடுக்காது. இப்போதும் எடுக்காது. ஊரில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. கோட்டைச்சாமியே மெட்ராஸ் போய்க் கடைசி வாரத்தை மட்டும் ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு நண்பர் செத்துப்போனார். அவர் வீட்டில் ஒழுகிய மழையில் படச்சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன.

ஆக, சண்டை இருந்ததா இல்லையா என்பதற்கு எங்கேயும் சாட்சி இல்லை. டைரக்டர் இருந்தது என்கிறார். எழுதியவர் இல்லை என்கிறார். அறையில் மற்ற எல்லோரும் டைரக்டரை நம்பினார்கள்.

"மாப்ளே, நான் வெளிப்படையாவே கேக்கேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் பெரியகருப்பன். "அன்னைக்கு உங்களுக்குச் சண்டைக்கு ஆளு கூப்புட வக்கில்ல. பனியக் காட்டி ஒப்பேத்திப்புட்டீக. சரியா? இப்பத்தான் கூப்புட முடியுதுல்ல. அப்பறம் எதுக்கு நிக்கணும்?"

பெரியகருப்பன் சொன்னதில் பாதி உண்மை. சண்டை போட ஆள் கிடைக்காமல்தான் நண்பர் அன்று செக்போஸ்ட் வாசலில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். அப்போது இறங்கிய பனியைப் பார்த்துத்தான் கோட்டைச்சாமி அந்தக் காட்சியை எழுதினார். ரோட்டின் குறுக்கே கட்டையைப் போட்டுவிட்டு வீரணன் நிற்கிறான். மேலேயிருந்து ஜீப்புச் சத்தம் இறங்கி வருகிறது. கிட்டத்தில் வந்து எஞ்சின் அணைகிறது. யாரும் யாரையும் பார்க்க முடியாது. யாரும் அசையவில்லை. பனி விலகும்போது ஜீப்காரன் தானாக இறங்கி வந்து சாவியை நீட்டுகிறான். வறுமையில் பிறந்தது என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? இந்தக் கேள்வியை அவர் மூன்று நாளாக உள்ளுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். சத்தமாகக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

மற்றதையெல்லாம் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். 'புலிமேட்டுச் சிங்கம்' என்று பெயர் மாற்றினார்கள், சரி என்றார். வீரணனுக்கு ஒரு இரட்டைப் பிறவித் தம்பி வந்தான், சரி. ஹெலிகாப்டர் வந்தது, கொள்ளைக்காரன் குகையில் நடனம் வந்தது, வெடிப்பதற்கென்றே இரண்டு லாரிகள் மதுரையிலிருந்து வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தக் கடைசி நிற்பு மட்டும் இருந்தால் போதும். அது ஒன்றுதான் அவர் எழுதியது என்று அவர் நம்பினார்.

"சரி சார், உங்களுக்காக ஒரு நிமிஷம் நிக்க விடுறேன்," என்றார் டைரக்டர் கடைசியாக. "அப்புறம் ஃபைட். வாக்குக் குடுத்துட்டேன், போதுமா?"

கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்ததும் மனைவி சுந்தரம்மாள் கேட்டாள், "என்ன, இன்னைக்காச்சும் ஒரு வழிக்கு வந்துச்சா?"

"ஒரு நிமிசம் தர்றாராம்."

"நீங்க எழுதுனதுல ஒங்களுக்கே ஒரு நிமிசந்தானா?" அவள் சோற்றைப் போட்டாள். "எட்டு வாரம் வந்துச்சுன்னு சொல்லுதீக. நான் ஒரு வாரங்கூடப் பாத்ததில்ல. கொழாயடியில கேக்காளுக, 'ஒம் புருசன் கத எழுதப் போனாரா, அங்க டீ வாங்கிக் குடுக்கப் போனாரா'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"சூட்டிங்குக்கு வா. கடைசிக் காட்சி எடுக்கிற அன்னைக்கு வா. பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் அவளை எதையும் வந்து பார் என்று கூப்பிட்டதில்லை.

மாசி மாதத்தில் கடைசிக் காட்சிக்குத் தேதி குறித்தார்கள். "மாசியில மேட்டுல பனி எறங்குமா?" என்று டைரக்டர் கேட்டபோது கோட்டைச்சாமிதான் அழுத்தமாகச் சொன்னார், "எறங்காது. பளிச்சுன்னு வெயிலடிக்கும். நான் பொறுப்பு." டைரக்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது. நிஜப் பனி சொன்ன பேச்சைக் கேட்காது, நாமே புகை போட்டுக்கொள்ளலாம் என்று புகை மிஷின்கள் கொண்டுவந்திருந்தார்.

அன்று காலை வெயில் பளிச்சென்றுதான் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வேன்களும் லாரிகளும் வரிசையாக ஏறி வந்து செக்போஸ்ட் பக்கத்தில் நின்றன. நிஜக் கட்டைக்குச் சற்றுக் கீழே, சிவப்பும் வெள்ளையும் அடித்த புதுக் கட்டை ஒன்றை நட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஃபைட்டர்கள் மெத்தைகளைப் போட்டுக் குட்டிக்கரணம் பழகிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மாள் டீக்கடை ஓரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள்.

"சேச்சி, இருந்து சாயா குடிச்சுட்டுப் பாருங்க," என்றார் டீக்கடைக்காரர்.

"அந்தச் சிங்கம் எப்ப வரும்?"

"சிங்கம் வேன்ல உறங்குது."

ஸ்டண்ட் மாஸ்டர் டைரக்டரிடம் வந்தார். "ஒரு நிமிஷம் சும்மா நிக்கணுமா? ஆடியன்ஸ் பீடி பத்த வைக்க வெளிய போயிடுவான் சார். அரை நிமிஷம் ஆக்கிக்கலாம்."

"ஆக்கிக்கலாம்," என்றார் டைரக்டர்.

கேமராமேன் வந்தார். "அரை நிமிஷமெல்லாம் வேணாம். கண்ணுக்கு ஒரு க்ளோஸப், ஜீப்புக்கு ஒரு க்ளோஸப். பாய்ஞ்சுடட்டும்."

"அதுவும் சரிதான்."

கோட்டைச்சாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "வாக்குக் குடுத்தீங்களே சார்," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"குடுத்தேன் சார். நிக்கிறாங்கல்ல? க்ளோஸப்ல நிக்கிறாங்க."

பெரியகருப்பன் அவர் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப் போனார். "விடுங்க மாப்ளே. போடித் தியேட்டர்ல ஒங்க பேரு ஓடும். அதுக்கு மேல என்ன வேணும்? போங்க, போயி எங்க அக்கா மகளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க."

டீ வாங்கிக் கொடுக்கத்தான் அவரால் முடிந்தது.

புகை மிஷினைப் போட்டார்கள். வெள்ளைப் புகை ரோட்டின் மேல் புரண்டது. எல்லோரும் இருமினார்கள். அப்போது டீக்கடைக்காரர் கேரளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"மஞ்சு வருது."

நிஜப் பனி என்று முதலில் யாரும் நம்பவில்லை, மிஷின் புகை என்றே நினைத்தார்கள். மிஷினை நிறுத்திய பிறகும் வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. சரிவிலிருந்த ஏலச்செடிகள் மறைந்தன. லாரிகள் மறைந்தன. புதுக் கட்டை மறைந்தது, அப்புறம் நிஜக் கட்டையும் மறைந்தது.

"யோவ், மாசியில வராதுன்னாரே அந்த ஆளு! எங்க அவரு?" டைரக்டரின் குரல் மட்டும் வந்தது. "நான் பொறுப்புன்னாரே!"

"இங்கதான் இருக்கேன்," என்றார் கோட்டைச்சாமி. வேறென்ன சொல்வது?

கொஞ்ச நேரம் கூச்சலாக இருந்தது. யாரோ யார் மேலோ முட்டினார்கள். எவனோ ஜெனரேட்டரை அணைத்தான். "ரோட்டோரம் பள்ளம், யாரும் அசையாதீங்க" என்று ஒரு குரல் எச்சரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நூற்றைம்பது பேர் ஒரு ரோட்டில் நின்றிருந்தார்கள், ஒருவர்கூட இல்லாததுபோல இருந்தது. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது.

மேலே எங்கேயோ ஒரு ஜீப்புச் சத்தம்.

வளைவில் திரும்பிப் பெரிதானது. கியர் மாறியது. இறங்கி இறங்கி வந்து, மிகக் கிட்டத்தில் எஞ்சின் அணைந்தது. கதவு திறக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கோட்டைச்சாமிக்குத் தம் பக்கத்தில் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. டைரக்டர்தான் அது. மறுபக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தது, சுந்தரம்மாள். "யாரு அது?" என்று அவள் கேட்டது காற்றாகத்தான் வந்தது. அவருக்கும் தெரியாது. எவ்வளவு நேரமென்று பிறகு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

பனி கிழிந்தது. நாலு அடி தள்ளி ஒரு எஸ்டேட் ஜீப்பு நின்றது. அதற்குள் காய் பறிக்கும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு வெள்ளைக் கட்டையைப் பார்த்த டிரைவர் தலையை நீட்டினான். "அண்ணே, இதென்ன புதுசா ஒரு செக்போஸ்ட்டு?"

யாரும் சிரிக்கவில்லை. டைரக்டரின் முகம் வெளுத்திருந்தது. கோட்டைச்சாமியை அவர் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார்... அன்னைக்கு ஜன்னல்ல நான் பார்த்தது இதுதானா?"

"இதுதான்."

"ஃபைட் இல்லையா?"

"இல்ல."

டைரக்டர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தால் போதும் என்று கோட்டைச்சாமி நினைத்தார்.

வேன் கதவு திறந்தது. "என்ன சார், இன்னைக்கு முடிப்பீங்களா, மாட்டீங்களா? சாயங்காலம் நான் கெளம்பணும்," என்றார் கதாநாயகன்.

டைரக்டர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "ஃபைட்டர்ஸ் ரெடியாகுங்கப்பா. ஸ்மோக் போடு." பிறகு கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "தியேட்டர்ல இது நிக்காது சார். ஜனங்க தூங்கிடுவாங்க."

"நீங்க தூங்கலையே."

டைரக்டர் நின்றார். ஸ்டண்ட் மாஸ்டர் கூப்பிட்டார், டைரக்டர் போய்விட்டார்.

கோட்டைச்சாமி டீக்கடைப் பக்கம் திரும்பினார். சுந்தரம்மாள் இன்னும் அவர் சட்டையை விடவில்லை.

"அம்புட்டுத்தானா நீங்க எழுதுனது?"

"அம்புட்டுத்தான்."

"எனக்கு மூச்சே நின்னுபோச்சு," என்றாள்.

பின்னால் ஒருவன் மெகாபோனில் 'சைலன்ஸ், சைலன்ஸ்' என்று கத்தினான். அதைத் தொடர்ந்து மெத்தையில் ஆட்கள் விழுகிற சத்தம் கேட்டது. அவர்கள் இருவரும் நின்று பார்க்கவில்லை, கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். இடம் கிடைத்தது. பஸ் இரண்டு வளைவு தாண்டியது.

"ஏங்க," என்றாள் அவள். "ஒங்க கதையில பனி வெலகுனதும் என்ன ஆகும்?"

"ஜீப்காரன் எறங்கி வந்து சாவியக் குடுப்பான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பனி வெலகாமலே விட்டுருக்கணும். அந்தப் பொம்பளைகளப் பாத்ததும் எனக்குச் சப்புனு போச்சு. யாருன்னு எதுக்குக் காட்டுனீக?"

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து ஆளாளுக்குக் கை வைத்தது போதாதென்று இவளுமா? உனக்கென்ன தெரியும் என்று கேட்கத் திரும்பினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

பனி விலகாமல் விட்டிருக்கலாம். எட்டு வருடமாக அது அவருக்குத் தோன்றவேயில்லை.