ஒப்புக்குக் கேட்ட பதவி

எங்கள் ஆளுநர் மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று காலையில் அறிவித்தார். மதியத்துக்குள் ஏழு பேர், தங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே மக்கள் சேவையில் ஆர்வம் என்று பேட்டி கொடுத்துவிட்டார்கள். நாற்காலியில் ஆள் இருந்த எட்டு வருஷமும் அந்த ஆர்வம் எங்கே மேய்ந்துகொண்டிருந்ததோ தெரியாது. நாற்காலி காலி என்றால் மின்னசோட்டாக்காரனுக்குக் கூட வெட்கம் விட்டுப்போகிறது.

என் வீட்டுக்காரர் வெர்லினுக்கு மட்டும் விடவில்லை. மாநிலத்தின் வடமேற்கு மூலையில் நாங்கள் சர்க்கரை காய்ச்சுகிற பீட் கிழங்கு பயிரிடுகிறோம். அவர் மாநில செனட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார். எந்த வாய்க்கால் எந்தப் பனி உருகலில் உடையும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஒழுகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆளுநர் பதவி அவருக்கு வேண்டும். வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலம், நான் மூன்று மாதமாகச் சொல்லியும் கேட்காதவர், தானாகப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது போதும்.

"நிக்கப் போறியா, வெர்லின்?" என்று கேட்டேன்.

"நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க மார்லிஸ்."

"அந்த ஏழு பேர்ல யாரு நல்லவன்?"

"கர்ட் ஹால்வர்சன் நல்லா மெத்தை விக்கிறான்" என்றார்.

கர்ட்டைத் தெரியாதவர் மாநிலத்தில் கிடையாது. தொலைக்காட்சி விளம்பரத்தில் தன் கடை மெத்தை மேல் தானே ஏறிக் குதிப்பான். அவன் ஆளுநர் பதவிக்கு நிற்கிறான் என்றதும், 'பாவம், நல்ல பையன்' என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஓட்டு விழுவதற்கு அது போதும்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒருவர் வீட்டில் காபி நீட்டினால் உடனே கை நீட்டக் கூடாது. முதல் தடவை, 'ஐயோ வேண்டாம்'. இரண்டாம் தடவை, 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்'. மூன்றாம் தடவை, 'சரி, அரை கப்'. பிறகு முழு கப்பாக நாலு குடிக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் வாங்கிக்கொள்கிறவன் பக்கத்து மாநிலம் அயோவாவிலிருந்து வந்தவன் என்று அர்த்தம். அதேபோல, ஒப்புக்குக் கேட்கிறவர் ஒரே தடவை கேட்டுவிட்டு, மறுக்க வசதியாக ஒரு காரணத்தையும் கையோடு தந்துவிடுவார். 'இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க, ஆனா வழியில பனி பெய்யும்கிறாங்க.' பனியைப் பற்றிப் பேச்சு வந்தால் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இது புரியாதவர்கள் எங்கள் ஊரில் பட்டினியாகவும் கிடந்திருக்கிறார்கள், விரும்பாத விருந்தாளியாகவும் இருந்திருக்கிறார்கள்.

மாவட்டக் கட்சியை நடத்துகிற ஓரின் ஃபாஸ் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். மழை, டீசல் விலை, யாருக்கோ முழங்கால் ஆபரேஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீ நிக்கலாமேப்பா" என்றார்.

"ஐயோ, நான் எதுக்கு?" என்றார் வெர்லின்.

ஓரின் தலையாட்டினார். சரியான பதில். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி முழங்கால். மறுபடி, "எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க."

"கட்சிக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அதுவும் சரியான பதில். மூன்றாம் தடவை கட்சி மாநாட்டில், சபை நடுவில் வைத்துக் கேட்டால்தான் மரியாதை என்று ஓரின் முடிவு செய்தார். "இப்பவே கேட்டுத் தொலைங்களேன் ஓரின்" என்றேன். இரண்டு பேரும் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலக் காபியைக் குனிந்து பார்த்தார்கள்.

மாநாட்டில் கட்சியின் ஆதரவு வேண்டுமென்றால் நூற்றுக்கு அறுபது ஓட்டு வாங்க வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேர் ஆரம்பத்திலேயே உதிர்ந்துவிட்டார்கள். மிச்சம் மெத்தைக் கர்ட்டும், தலைநகரப் பக்கத்து அரசு வழக்கறிஞர் அம்மா ஒருத்தரும். சுற்றுக்குச் சுற்று ஓட்டுப் போட்டார்கள். இரண்டு பேரும் நாற்பத்தெட்டிலிருந்து அசையவில்லை. தின்பதற்கு வாங்கி வைத்த ரொட்டியெல்லாம் தீர்ந்து, எல்லார் முகமும் வாடிய நேரத்தில் ஓரின் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். விதிகளைத் தளர்த்தி வெர்லின் ட்வெய்ட் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார்.

சபை எழுந்து கைதட்டியது. எங்கள் ஆட்கள் எழுந்து கைதட்டுவது சாதாரண விஷயம் இல்லை. பார்வையாளர் மாடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மேடையில் தலைமை வகித்த டெனீஸ் கார்ட்வெல் நல்ல பெண்மணிதான். ஆனால் அரிசோனாவிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வெயிலில் வளர்ந்தவர், எதையும் நேராகப் பேசுவார்.

"செனட்டர் ட்வெய்ட், நீங்க இதை ஏத்துக்கிறீங்களா?"

வெர்லின் எழுந்தார். புதுச் சட்டை, காதெல்லாம் சிவப்பு. "ஐயோ, என்னைவிட நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றார்.

சபை பூரித்துப்போனது. முறை தெரிந்தவர்; கேட்கிற ஆள் மாறினால் எண்ணிக்கையும் முதலிலிருந்து. டெனீஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏத்துக்கிறீங்களா இல்லையா?"

"உங்களுக்கு எல்லாம் எதுக்குச் சிரமம்..."

அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு தடவை. அந்த மண்டபத்தில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். வெர்லின் தொண்டையைக் கூடக் கனைத்துத் தயார் செய்துகொண்டார்.

டெனீஸ் சுத்தியலைத் தட்டினார். "செனட்டர் மறுத்துட்டார். அடுத்த சுற்று."

யாராவது கத்தியிருக்க வேண்டும். ஆனால் தலைமை வகிப்பவர் பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லையே! பின்வரிசையில் ஒருவர் இருமினார். எங்கள் கட்சியின் வரலாற்றிலேயே பெரிய கலகம் அதுதான் என்று நினைக்கிறேன். பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. இருந்தாலும் நான் எழுந்தேன். பின்னால் இருந்த அம்மாள், "உங்க தலை கொஞ்சம் மறைக்குது, பரவாயில்ல" என்றாள். எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்றால் உட்கார் என்று அர்த்தம். "போடீ!" என்றேன். சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. அடுத்த சுற்றில் எல்லாரும் சோர்ந்து கர்ட்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். பாதி தூரம்வரை பொறுத்தேன்.

"வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு என்னய்யா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"கேட்டு வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"கர்ட் கேட்டுத்தானே வாங்கினான்!"

"அவன் கடைக்காரன் மார்லிஸ். அவனுக்குக் கேட்டுப் பழக்கம்." "எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ஆசை' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. கோபமாக இருப்பதாகப் பாவனை செய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து கர்ட் தன்னோடு சேர்ந்து தேர்தலில் நிற்க ஒரு துணை ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது யார் என்று பத்திரிகையில் வந்தாகிவிட்டது. புறநகர் ஒன்றின் மேயர் ஜோலீன் என்ற பெண்மணி. இரண்டு பெயரும் போட்டுப் பதாகை கூட அச்சடித்துவிட்டார்கள் என்று பேச்சு. இருந்தாலும் வடமேற்கு மூலையின் மனம் கோணக் கூடாதில்லையா? கர்ட் தொலைபேசியில் அழைத்தான். வெர்லினுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். நான் பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வெர்லின், உங்களை மாதிரி ஒருத்தர் துணை கவர்னரா வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! ஆனா உங்களுக்குப் பண்ணை இருக்கு, அறுவடை இருக்கு. நான் கேக்கிறதே தப்பு."

இது பனி பெய்யும் பேச்சு. கைக்குழந்தைக்குக் கூடப் புரியும். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"சரி" என்றார் வெர்லின்.

என் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டான் கர்ட்.

"சரின்னேன். வர்றேன்."

"ஓ!" என்றான். பிறகு, "அட, இது... இது ஒரு வித்தியாசமான முடிவு" என்றான். எங்கள் பக்கத்தில் நாய் கூட முகராத சமையலை வைத்தால்தான் 'வித்தியாசமா இருக்கு' என்போம்.

மறுநாள் மறுபடி அழைத்தான். "நல்லா யோசிச்சீங்களா வெர்லின்? கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"கஷ்டமே இல்ல" என்றார் வெர்லின், உற்சாகமாக.

கேட்டதைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால் கர்ட் 'நான் சும்மா கேட்டேன்' என்று சொல்ல வேண்டும். மின்னசோட்டாவில் பிறந்தவன் அதைவிடச் சீக்கிரம் தன் விரலைக் கடித்துத் துப்பிவிடுவான். நேரில் வந்தால் வேலை நடக்கும் என்று நினைத்தானோ என்னவோ, அந்த வாரமே ஐந்து மணி நேரம் காரோட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

சமையலறையில் உட்கார்ந்தான். காபியை இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டான். அந்த அளவில் நல்ல பையன்தான். எலுமிச்சைத் துண்டுக் கேக்கில் நாலு தின்றான். மழை பேசினான். மெத்தைக்குள் இப்போது என்ன வைத்துத் தைக்கிறார்கள் என்று பேசினான். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "வெர்லின், விஷயம் என்னன்னா..." என்பான்.

"சொல்லுங்க கர்ட்" என்று வெர்லின் பால் போன்ற முகத்தோடு பார்ப்பார்.

"இந்தக் கேக் அருமை."

எனக்குப் பாவமாக இருந்தது. கர்ட்டைப் பார்த்து இல்லை. அவன் எக்கேடாவது கெட்டுப் போகட்டும். இந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லையே, நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

கிளம்புகிறேன் என்று தொடையைத் தட்டி எழுந்தவன், வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பேசினான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினான். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசினான்.

"பதாகை எல்லாம் அச்சடிச்சுட்டாங்களாமே?" என்று வெர்லின் கேட்டார்.

கர்ட் அவரைப் பார்த்தான். சொல்வதானால் இதுதான் இடம். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "வேற அச்சடிச்சுக்கலாம்" என்றான். "ஜோலீனுக்கு வேற ஏதாவது பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு, மெத்தையிலிருந்து கீழே விழுந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காரை ஓட்டிப் போனான்.

உள்ளே வந்து காபிக் கோப்பைகளைக் கழுவினேன். வெர்லின் துடைத்துக் கொடுத்தார். சீட்டியடித்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"வெர்லின், தப்பா எடுத்துக்காத. அவன் ஒப்புக்குத்தான் கேட்டான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அறுவடையைச் சொன்னப்பவே தெரியும். நான் என்ன அரிசோனாவா?" கோப்பையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து அலமாரியில் வைத்தார். "நாப்பது வருஷமா நானும் ஒப்புக்குத்தான் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தேன் மார்லிஸ். அதை மட்டும் எல்லாரும் நிஜம்னே எடுத்துக்கிட்டாங்க. இப்ப ஒரு தடவை நான் எடுத்துக்கிறேனே."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனை அசடு என்று நினைத்திருந்தேனே! சிரித்துக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எல்லாரும்னா, நானுமா?"

வழக்கமான வெர்லினாக இருந்தால், 'சேச்சே, நீ எங்க' என்று சொல்லியிருப்பார்.

"ஆமா" என்றார், கேட்ட மாத்திரத்தில்.