பக்கத்து சீட்டு

அறிவழகனுக்கு தோஹாவில் கிரேன் ஓட்டும் வேலை. போன லீவில் சொந்த ஊரான குன்னத்துக்கு வந்தவன் ஒரு மின்சாரக் கார் வாங்கினான், மனைவி மணிமொழிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான், சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். சாவியைத்தான் கொடுத்தான். காரை முழுசாகக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அது சதா இன்டர்நெட்டில் சொல்லிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் தோஹாவில் அவன் போனில் போய் விழும். அங்கிருந்தபடியே அவன் ஏசி போடலாம், கதவைப் பூட்டலாம், ஹாரன் அடிக்கலாம். ஒருநாள் அடித்தும் பார்த்தான். மாட்டுக்கொட்டகையை ஒட்டிச் சார்ஜில் கிடந்த கார் ஆளில்லாமல் அலறியதில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"சும்மாதான், உன் ஞாபகம் வந்துச்சு" என்றான் போனில்.

மணிமொழிக்குப் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. தினமும் அதில்தான் போய் வந்தாள். காலையில் அவன் கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு முன்னால் கார் விசாரணை வந்துவிடும்.

"நேத்து சாயங்காலம் பிரேக்க சடக்குன்னு போட்டிருக்க."

"நான் போடலைங்க. ரோட்டுல கொள்ளு போட்டிருந்தாங்க. வண்டி அதப் பாத்துட்டு தானா நின்னுருச்சு."

அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறியே மணி உதிர்ந்துவிடும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், எல்லா வண்டியும் ஏறிப் போவதுதான். இந்தக் கார் மட்டும் கேமராவில் அந்தக் குவியலைப் பார்த்து, யாரோ படுத்திருக்கிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டது. விளக்குமாறோடு நின்ற அம்மாள், "ஏத்து கண்ணு, ஏத்துனாத்தான உதிரும்" என்று கையைக் காட்டினாள். கார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்பதை அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியவைப்பது? மணிமொழி ரோட்டை விட்டு இறங்கிச் சுற்றிப் போனாள்.

காரோடு பேசுவதற்கென்று தனியாக ஒரு தமிழ் வேண்டியிருந்தது. ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் பேசினால் கேட்டுக்கொள்ளும். வந்த புதிதில், "ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணு" என்றாள். "மன்னிக்கவும், அந்தப் பாடல் கிடைக்கவில்லை" என்றது கார். அதிலிருந்து அவள் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி, "குளிரூட்டியைக் குறைக்கவும்", "வீட்டுக்குச் செல்" என்று பேசப் பழகிவிட்டாள். வீட்டில் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். கார் சிரிக்கவில்லை, சொன்னதைச் செய்தது.

அவளுக்கு லாவண்யா என்று ஒரே தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சம் இந்த ஒருத்திதான். லாவண்யாவை அறிவழகனின் தம்பி கலைச்செல்வனுக்குப் பேசி முடித்துப் பரிசமும் போட்டாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் மாட்டேன் என்று சொல்லி, கூட வேலை பார்த்த ராஜராஜனைக் கட்டிக்கொண்டு திருமானூருக்குப் போய்விட்டாள். மாமியார் ரத்தினம்மாள் அன்றைக்கே பூஜை அறையில் சூடத்தை ஏற்றினாள்.

"இனிமே அவ பேர இந்த வூட்டு ஆளு யாரும் எடுக்கக் கூடாது. அவ வாசப்படிய யாரும் மிதிக்கக் கூடாது. அணைங்க" என்றாள்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் சத்தியம். அப்போது லீவில் வந்திருந்த அறிவழகன் அணைத்தான். கலைச்செல்வன் அணைத்தான். மணிமொழியும் அணைத்தாள். கை சுட்டது, அதைவிட மனசு சுட்டது. ஒருத்தர் பெயர் சொன்னால் குடும்பம் கெட்டுவிடுமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கார் வந்த பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. வாசப்படியை மிதிக்கக் கூடாது என்றுதானே சத்தியம்? வாசப்படிக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால்? வீட்டில் மருத்துவ முகாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் சனிக்கிழமைகளில் திருமானூர் போனாள். கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். லாவண்யா தூக்குவாளியில் குழம்போடு வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். சத்தமில்லாத வண்டி, புகை கிடையாது, மத்தியானம் முழுக்க ஏசி ஓடினாலும் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்காவும் தங்கையும் சாப்பிட்டார்கள், பேசினார்கள், பெரிய ஸ்க்ரீனில் காமெடி போட்டுப் பார்த்தார்கள். கரையோரம் சிக்னல் மோசம். சிரிப்பு வருகிற இடத்தில் சரியாக வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அப்போதும் சிரித்தார்கள்.

நிறுத்தி வைத்த காரில் அரை மணிக்கு மேல் ஏசி ஓடினால் தானாக அணைந்துவிடும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். திருமானூரில் என்னவோ, அணைந்த கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி வந்துவிடும்.

"வண்டிக்கு நல்ல அறிவுக்கா" என்பாள் லாவண்யா.

கார் திருமானூரில் நிற்பது தோஹாவில் தெரியும். முகாம் திருமானூரில் என்று சொல்லியிருந்ததால் அந்தக் கவலை மணிமொழிக்கு இல்லை. மாமியாரைப் பற்றித்தான் கவலை. அந்தச் சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது ரத்தினம்மாள் வாசலில் நின்றாள்.

"மாசாமாசம் என்ன முகாமு? ஊர்ல ஒரு மாதிரி காதுல விழுவுது. அறிவுகிட்ட கேக்கப் போறேன். அப்பிடி எதாச்சும் இருந்துச்சுன்னா சாவிய கலைகிட்ட குடுத்துட்டு நீ பஸ்ஸுல போ."

மணிமொழி காரை எடுத்தாள். சாவி போனால் போகட்டும் என்று இருக்க முடியாது. லாவண்யாவுக்கு நிறைமாதம். வளைகாப்புக்கு அவள் பக்கத்து ஆள் என்று ஒருவரும் போகவில்லை. பிரசவ நேரத்தில் தானாவது போய் நிற்க வேண்டும், அதற்கு இந்தக் கார் வேண்டும். அரியலூர் தாண்டுகிறவரை இதே நினைப்புதான். சிமென்ட் லாரிகளுக்கு ஒதுங்கும்போதெல்லாம், ரோட்டில் அழிந்துபோன வெள்ளைக் கோட்டை எங்கேயோ கண்டுபிடித்து, கார் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தது. "பாதை விலகுகிறது" என்றது.

"நீ ஒருத்திதான் பாக்கி, நீயும் சொல்லு" என்றாள் அவள்.

புளியமரத்தடியில் லாவண்யா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி ஏறிக்கொண்டாள். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. ஏசி அணைந்தது, வந்தது. சாப்பிட்டு முடித்ததும் லாவண்யா, "ஒரே எடத்துல ஒக்காந்து முதுகு வலிக்குதுக்கா. அரியலூர் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள்.

போனார்கள். வயிற்றை இறுக்குகிறது என்று லாவண்யா பெல்ட் போடவில்லை. கார் விடாமல் டிங், டிங் என்று அடித்தது. பாட்டைச் சத்தமாக வைத்தார்கள், மணி அதில் அமுங்கிப்போனது. திரும்பும்போது லாவண்யாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது.

"அதுகிட்ட நான் பேசுறேன்க்கா" என்று எட்டி அந்தப் பட்டனை அழுத்தினாள். "ஏம்மா, வூட்டுக்குப் போ!"

"ஊட்டிக்குச் செல்லும் வழி கிடைத்தது" என்றது கார். "தற்போதைய சார்ஜ் போதாது. வழியில் சார்ஜ் செய்ய வேண்டும். பயணம் இனிதாக அமையட்டும்."

லாவண்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊட்டிக்கே போயிடலாம்க்கா! ஸ்வெட்டர்தான் இல்ல."

மணிமொழியும் சிரித்தாள். இந்தக் காருக்கு வீடு என்றால் குன்னத்து வீடுதான். அது சரியாகக் காதில் வாங்கியிருந்தால், லாவண்யாவின் பெயரே சொல்லக் கூடாத வீட்டுக்கல்லவா அவளுக்கு வழி காட்டியிருக்கும்? இதை நினைத்ததும் அவள் சிரிப்பு நின்றது. வழியை ரத்து செய்ய வேண்டும் என்று தோன்றுவதற்குள் ஸ்க்ரீனில் அறிவழகன் பெயர் வந்தது.

போன் காரோடு இணைந்திருந்தது. பாட்டு தானாக நின்று, காரின் நாலு மூலையிலும் மணி அடித்தது. எடுக்காவிட்டால் அடுத்து அம்மாவுக்குத்தான் போடுவான். மணிமொழி தங்கையைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு எடுத்தாள்.

"மணி, எங்க போயிட்டிருக்க?"

"முகாம் முடிஞ்சு கெளம்பிட்டேங்க."

"ஊட்டிக்கா?"

"இல்லைங்க. வூட்டுக்குப் போன்னு சொன்னேன். அது ஊட்டின்னு எடுத்துக்கிச்சு."

"நீதான் அதுகிட்ட வூடுன்னு சொல்லவே மாட்டியே. நியூஸ் வாசிக்கிற மாதிரியில்ல பேசுவ?"

பாட்டு நின்றுபோனதால் பெல்ட் மணி இப்போது தெளிவாகக் கேட்டது. டிங், டிங்.

"அது என்ன சத்தம்?"

"பக்கத்து சீட்டுல பை வச்சிருக்கேங்க. வெயிட்டா இருக்கு. அதான் பெல்ட் போடச் சொல்லுது."

"என்ன பை?"

"அரிசிப் பை."

லாவண்யா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. சிக்னல் போயிருந்தால் நல்லது என்று மணிமொழி நினைத்தாள். சிக்னல் நாலு கோடும் நிறைந்து நின்றது.

"அந்த அரிசிப் பைக்கு பெல்ட்டப் போட்டு வுடு" என்றான் அறிவழகன். "கீழ்ப்பட்டைய வயித்துக்குக் கீழ விட்டுப் போடணும். மேல போட்டா புள்ளைய அழுத்தும்."

மணிமொழி காரை ஓரம் கட்டினாள். கண்ணை நீர் மறைத்தது. ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கேமரா ஒன்று அந்தக் காரில் உண்டு. "நீங்கள் சோர்வாக இருக்கிறீர்கள், சற்று ஓய்வெடுக்கவும்" என்றது கார்.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"முகாம்ங்கற. முகாம்ல எந்த வண்டி மத்தியானம் பூரா மரத்தடியில ஏசி போட்டுட்டு நிக்கும்? பக்கத்து சீட்டுல ஆளு இருக்குன்னு வேற காட்டுது. வளைகாப்பு நடந்தது என் காதுக்கும் வந்துச்சு. அந்த ஏசி அரை மணிக்கு ஒருக்கா அணைஞ்சு போவுது. இங்க வேலைக்கு நடுவுல நாந்தான் அதத் திரும்பத் திரும்ப போட்டுட்டுக் கெடக்கேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்றது? பேர எடுக்க மாட்டேன்னு நானுந்தான சூடத்த அணைச்சேன்?"

வெளியே ஒரு சிமென்ட் லாரி காரை உலுக்கிக்கொண்டு போனது. மணிமொழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவிய தம்பிகிட்ட குடுக்கச் சொல்றாங்க அத்தை. உங்ககிட்ட கேக்கப் போறாங்களாம்."

"கேட்டுட்டாங்க. முகாம்தான்னு சொல்லிட்டேன். சாவிய நீ வச்சுக்க. அடுத்த மாசம் எந்நேரம் வேணும்னாலும் வண்டி வேண்டியிருக்கும், சார்ஜ கொறைய வுடாத."

லாவண்யா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "மாமா" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அறிவழகன் அவள் பெயரைச் சொல்லவில்லை.

"பெல்ட்டு இன்னும் போடல போலருக்கு. இங்க செவப்பாவே காட்டுது."

லாவண்யா பட்டையை இழுத்து, வயிற்றுக்குக் கீழே விட்டு மாட்டினாள். டிங், டிங் நின்றது.

"ஆங், போயிருச்சு" என்றான் அவன். "சரி, பாத்து மெதுவா வூட்டுக்குப் போங்க."

போனை வைத்துவிட்டான். நின்ற இடத்திலிருந்து பாட்டு மறுபடி ஆரம்பித்தது. மணிமொழி அதை அணைத்துவிட்டு, ஊட்டியை ரத்து செய்துவிட்டு, திருமானூர் பக்கம் காரை நகர்த்தினாள்.

"அக்கா" என்றாள் லாவண்யா. "மாமா உன்னைய போங்கன்னா சொல்லுவாரு?"

"இல்ல" என்றாள் மணிமொழி. "என்னைய போன்னுதான் சொல்லுவாரு."