வெளியே போகாத மெயில்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஸ்ரீரங்கம் போகும் பஸ் மாம்பழச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டபோது பஸீலா சொன்னது. தில்லைநகரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கேட்டதும் மனசு கனத்துவிட்டது. என் பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைப்பதுதான் என் பிழைப்பு. இனி உங்கள் பாடு.

முதல் வரியாக, ‘காவிரியில் தண்ணீர் வற்றிய ஒரு மாலையில்’ என்று... வேண்டாம். காவிரிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

நர்ஸுகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் இணையதளத்தை பஸீலாவின் கம்பெனி நடத்துகிறது. தேர்வானவர்களுக்குத் தளமே மெயில் அனுப்பும். குறித்த தேதிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் கைமாறிவிடும். தளத்தை கிளவுட் சர்வருக்கு மாற்றினார்கள். மெயில் போகிறதா என்று பார்க்க, வழக்கம்போல ஆபீஸ் முகவரிக்கே ஒன்றை அனுப்பினார்கள்.

“வந்துடுச்சாங்க?”

“வந்துடுச்சு.”

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

(ஆபீஸ் மெயில் பெட்டியும் அதே சர்வரில்தான் இருந்தது. அந்த மெயில் வாசலையே தாண்டவில்லை. யாரும் குப்பை மெயில் அனுப்பிவிடக்கூடாதென்று கிளவுட் கம்பெனி வெளியே போகும் வழியை அடைத்து வைத்திருந்தது. எழுதிக் கேட்டால்தான் திறக்கும். இவர்கள் கேட்கவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்டதென்று நம்பிவிட்டார்கள்.)

3

உப்பிலியபுரத்து வேணியை நான் பார்த்ததில்லை. ‘மழையில் நனைந்தபடி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த வேணி’ என்று எழுதி அடித்துவிட்டேன். பொய். தெரிந்தது இவ்வளவுதான்: தேர்வானவர்களில் அவள்தான் முதலிடம். தேதி முடிந்ததும், நிறுவனத்துக்கு நேரில் போய் விசாரித்த திருச்சி டவுன்காரர்களுக்கு இடங்கள் கைமாறிவிட்டன. வேணி மெயிலை நம்பி வீட்டில் இருந்தாள்.

பஸீலா கோளாறைக் கண்டுபிடித்து மாற்று வழி அமைத்தபோது மெயில்கள் எல்லாம் உள்ளேயே தேங்கிக் கிடந்தன. ஒரு பட்டனைத் தட்டினால் கிளம்பிவிடும்.

மேலாளர் ரெங்கராஜ் தடுத்தார். “அழிச்சிடுங்க பஸீலா. இப்ப போய்ச் சேர்ந்தா சண்டைக்கு வருவாங்க. கிடைக்கலைன்னு நெனச்சு இந்நேரம் மனசு ஆறியிருப்பாங்க.”

4

முடிவு ஒன்று: பஸீலா அனுப்புகிறார். வேணி ‘வாழ்த்துகள்’ என்று படிக்கிறாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள். அடுத்த வரியில் முடிந்துபோன தேதி. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: அழிக்கிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. கதை சுத்தமாக முடியும். அதனாலேயே எனக்கு இது பிடிக்கவில்லை.

நடந்தது இரண்டும் அல்ல. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு பஸீலா போன் செய்தார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னதுமே வேணி முந்திக்கொண்டாள்.

“நீங்களே கூப்பிட்டீங்களே, ரொம்ப நன்றிங்க மேடம். எனக்குக் கிடைக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன், பரவாயில்லைங்க. எதுல கொறஞ்சு போனேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவை சரி பண்ணிக்கிறேன். ஒரு நிமிஷம் இருங்க மேடம், பேனா எடுத்துட்டு வந்துடறேன்.”

5

பஸீலா என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் ‘அப்பாடா’ என்றோ ‘அடப்பாவமே’ என்றோ சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் பேனாவோடு திரும்பி வருவதற்குள் ஏதாவது யோசித்து வையுங்கள்.