வாண்டுவோட பனியனும் என் சோபாவும்

நான் சின்னவன் பேசறேன். வயசு இருபத்து மூணு. இப்போ இருக்கற இடம் அக்கா வீட்டு மாடிப்படி, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல படி திரும்புற இடம். உள்ள மச்சான் தூங்கறாரு, அதனால வெளிய உக்காந்து போன்ல பேசறேன், அதுவே எழுதிக்குது. அம்மா, அப்பா, பெரியம்மா, சித்தப்பா, எல்லாரும் படிச்சுருங்க. சாயங்காலம் அக்கா உங்களுக்கு போன் பண்ணுவா. அதுக்கு முன்னாடி நடந்தது என்னன்னு என் வாயால வந்துரட்டும். அவ சொன்னா நான் ஏதோ குழந்தையைக் கீழ போட்டு மிதிச்ச மாதிரி சொல்லுவா. மிதிச்சது உண்மை. குழந்தையை இல்ல.

முதல்ல வீட்டு நிலவரம். நான் இந்த நாட்டுல வந்து எறங்கின அன்னிக்கே அக்கா சொல்லிட்டா. "டேய், ரூம் கிடைக்கற வரைக்கும் ஹால் சோபா உன்னுது. ஆனா என்கிட்ட பொய் மட்டும் சொல்லாத. சொன்னேன்னு வை, அன்னிக்கே மூட்டையைக் கட்டிக்க." அவ குளிக்கப் போனதும் மச்சான் வந்து தோள்ல கை போட்டாரு. "மாப்ள, எத்தனை நாள் வேணாலும் இரு. என் பேச்சை மட்டும் தட்டாத." ரெண்டும் சுலபமாத்தான் தெரிஞ்சுது. நானும் பூம்பூம் மாடு மாதிரி ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டிட்டேன். இந்தக் குளிர்ல ரூம் தேடிப் போனா, காலியா இல்லன்னு சொல்றதுக்குக்கூட யாரும் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. அந்த சோபாதான் எனக்கு வீடு, வாசல், விலாசம் எல்லாம்.

அக்கா பொண்ணு வாண்டுவைக் காலையில கெளப்பி ஸ்கூல்ல விடறது என் பொறுப்பு. ஏழு வயசு, வாய் எழுபது வயசு. அவளை விட்டுட்டு நான் ஹோட்டல் லாண்டரிக்குப் போயிருவேன். கறை படிஞ்ச துணியெல்லாம் தனியாப் பிரிச்சு, கறை எடுத்து, மிஷின்ல போடறதுதான் என் வேலை. நல்லா செய்யறேன்னு சூப்பர்வைசரே சொல்லிருக்காரு, அப்பாகிட்ட சொல்லுங்க.

இப்போ பனியன் கதைக்கு வரேன். அக்கா வேலை பாக்கறது குளிர்பதனக் கிடங்குல. மூக்கு மட்டும் வெளிய தெரியற மாதிரி கோட்டு மாட்டிட்டு, ஐஸ் மீன் பெட்டியை அடுக்கணும். வீட்டுக்கு வந்தா வெந்நீர் பாத்திரத்தைக் கட்டிப் பிடிச்சிட்டுதான் பேசுவா. அவ கண்ணுக்கு உலகத்துல எல்லாரும் நடுங்கிட்டு இருக்காங்க. மச்சானுக்கு ராத்திரி ஷிப்ட், பேக்கரி அடுப்புக்கு முன்னாடி. காலையில வரும்போது காதுல மாவு, கழுத்துல வேர்வை. வந்ததும் ஜன்னலைத் திறப்பாரு. அவர் கண்ணுக்கு எல்லாரும் வெந்துட்டு இருக்காங்க. நடுவுல வாண்டு.

அக்கா சொல்றது, "குழந்தைன்னா சட்டைக்குள்ள பனியன் போடணும். நெஞ்சுல சளி கட்டினா யார் பாக்கறது?"

மச்சான் சொல்றது, "ஸ்கூல்ல ஹீட்டர் எரியுது. பனியனையும் போட்டு, சட்டையையும் போட்டு, ஸ்வெட்டரையும் போட்டா அது பிள்ளையா, பொட்டலமா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க அடுப்புல இருந்து வரீங்க."

"நீ ஐஸ் பெட்டியில இருந்து வர."

ரெண்டு பேரும் முழுசா ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதே ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அன்னிக்கும் பேச்சு பனியன்ல போய் நிக்கும். எனக்கு சோபாவுல எங்க பாக்கறதுன்னே தெரியாது. நடுவுல வாண்டு வேற, "மாமா, நீ யார் பக்கம்?"னு கேப்பா. நான் டிவி ரிமோட்டைத் தேடுவேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சண்டை முடிஞ்சதும் அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டா. "டேய், தினம் அவ பனியனோடதான் ஸ்கூலுக்குப் போறாளான்னு பாத்துக்க." சரின்னேன். கொஞ்ச நேரத்துல மச்சான் பால்கனிக்குக் கூப்பிட்டாரு. "மாப்ள, பிள்ளை எந்நேரமும் கழுத்தைச் சொறிஞ்சிட்டு இருக்கு, பாத்தியா? அத்தனையும் சூடு. உங்க அக்கா பனியன் போட்டு விட்டா நீ கழட்டி விட்டுரு. அவகிட்ட சொல்லாத, அழுவா." அதுக்கும் சரின்னேன். நான் வேற என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.

அதுல இருந்து தினம் இதே கூத்துதான். அக்கா விடியறதுக்குள்ள கெளம்பறா. போறதுக்கு முன்னாடி தூங்கற பிள்ளைக்கே பனியனை மாட்டிட்டுப் போயிருவா. நான் வாண்டுவை எழுப்பி, மேல சட்டை போட்டு, ஷூ மாட்டி, கதவைப் பூட்டிட்டு எறங்குவேன். நான் இப்போ உக்காந்திருக்கேன் பாருங்க, இதே இடத்துல மச்சான் எதிர்ல ஏறி வருவாரு. வாண்டு காலருக்குள்ள ஒரு விரலை விட்டுப் பாப்பாரு. "ம்." அவ்வளவுதான். ஸ்வெட்டரைக் கழட்டி, சட்டையைக் கழட்டி, பனியனைக் கழட்டி, திரும்ப எல்லாத்தையும் மாட்டி விடுவோம். பனியன் என் பாக்கெட்டுக்குள்ள போயிரும். மூணாவது மாடி அம்மா ஒரு நாள் கதவைத் திறந்து பாத்துட்டு, ஒண்ணுமே கேக்காம மூடிட்டாங்க.

சாயங்காலம் வந்து பனியனை அழுக்குக் கூடையில போட்டுருவேன். முதல் நாளே அக்கா கையில எடுத்து மோந்து பாத்தா.

"என்னடா இது, உடம்புல பட்ட வாசனையே இல்லையே?"

"அவ வேர்க்கவே இல்லக்கா, பனியன் போட்டதால"ன்னேன். அது எந்த வகையில நியாயம்னு எனக்கே தெரியல. அவ நம்பிட்டா. ஆனா அடுத்த நாள்ல இருந்து நான் உஷாராயிட்டேன். லாண்டரியில பகல் பூரா அடுத்தவன் துணியில கறை எடுப்பேன். கெளம்பறதுக்கு முன்னாடி வாண்டு பனியன்ல கறை போடுவேன். கழுத்துல டீத்தண்ணி லேசா. அக்குள்ல உப்புத்தண்ணி. வயித்துப் பக்கம் பென்சில் தூள். சும்மா சொல்லக் கூடாது, அசல் தோத்துரும். அக்கா அதைத் தூக்கிப் பிடிச்சு, வேலைக்குக் கெளம்பற மச்சானுக்குக் காட்டுவா. "பாத்தீங்களா, எவ்வளவு வேர்வையை உறிஞ்சிருக்கு! இல்லன்னா அத்தனையும் நெஞ்சுல எறங்கிருக்கும்." மச்சான் என்னைப் பாப்பாரு. நான் சீலிங்கைப் பாப்பேன்.

வினை வந்தது முந்தாநாள். ராத்திரி மழை பேஞ்சு ரோடெல்லாம் ஈரம். வாண்டுக்கு ஈரத்துல நடக்கறதுன்னா உயிரு. என் பூட்ஸ் அடியில நட்சத்திர டிசைன் இருக்கு. நான் முன்னாடி நடக்க, பதியற நட்சத்திரத்து மேல எல்லாம் அவ கால் வச்சுத் தாவி வருவா. "மாமா, கோணலா போகாத, நட்சத்திரம் கோணுது"ன்னு அதட்டல் வேற. ஸ்கூல் கேட்கிட்ட எனக்குத் தும்மல் வந்துச்சு. ஒரு வாரமாவே மூக்கு ஒழுகல்தான். கர்ச்சீப்னு நினைச்சு பாக்கெட்ல இருந்து இழுத்தது பனியன். கை தவறிக் கீழ விழுந்துருச்சு. நான் அடுத்த தும்மல்ல கண்ணை மூடிட்டு ஒரு எட்டு வச்சேன். அப்புறம் எடுத்து, சுருட்டி, பாக்கெட்ல திணிச்சிட்டு ஓடிட்டேன். சாயங்காலம் பாக்காமலே கூடையில போட்டேன். இன்னிக்குத் தனியா கறை போட வேண்டாம், சேறு இருக்குன்னு சந்தோஷம் வேற.

நேத்தும் மழை, அக்காவுக்கு லீவு. நான் வாண்டுவை விட்டுட்டு, லேட் ஷிப்ட்ங்கறதால வீட்டுக்குத் திரும்பி வந்து டீ போட்டுட்டு இருக்கேன். பாத்ரூம்ல இருந்து ஒரு அலறல். போய்ப் பாத்தா, அக்கா பனியனை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சிட்டு நிக்கறா. முதுகுப் பக்கம் நட்டநடுவுல, ஒரு பெரிய ஆளோட ஷூ தடம். குதிகாலு, முன்னங்காலு எல்லாம் சுத்தமா.

"டேய்... பிள்ளை முதுகுல யாரோ மிதிச்சிருக்காங்கடா."

"அக்கா, அது..."

"பேசாத. இங்க பாரு, இது நேத்து அவ போட்ட சட்டை. ஒரு பொட்டு அழுக்கு இல்ல. சட்டையைக் கழட்டச் சொல்லிட்டு மிதிச்சிருக்காங்க!"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ பெட்ரூம் கதவைத் தட்டிட்டா. "ஏங்க, எழுந்திரிங்க! உங்க பிள்ளையை ஸ்கூல்ல மிதிக்கறாங்க!" மச்சான் அப்போதான் கண்ணசந்திருந்தாரு. பைஜாமா மேல கோட்டை மாட்டிட்டு, காதுல மாவோட கெளம்பிட்டாரு. அக்கா முன்னாடி தடதடன்னு எறங்கறா. இதே படியில நான் மச்சான் கையைப் பிடிச்சேன்.

"மச்சான், அது என் பூட்ஸ் தடம்."

அவர் அப்படியே நின்னுட்டாரு. "பிள்ளையை மிதிச்சியா?"

"பனியனை மச்சான். தெரியாம."

பெருமூச்சு விட்டாரு. அப்புறம் குரலைத் தணிச்சு, "நீ வாயைத் திறக்காத. நானும் திறக்கல. டீச்சர் தெரியாதும்பாங்க, இவ நாலு வார்த்தை பேசுவா, வந்துருவோம்."

"பாவம் மச்சான், டீச்சர் மேல பழி வருமே."

"அப்போ உன் மேல வரட்டுமா? என் மேல வரட்டுமா?"

கீழ இருந்து அக்கா. "அங்க என்ன குசுகுசுன்னு?"

கிளாஸ் டீச்சர் வராண்டாவுக்கு வந்தாங்க. சின்னப் பொண்ணுதான், என்னை விட ரெண்டு வயசு கூட இருக்கும். அவங்க பேசினதை நம்ம பேச்சுல சொல்றேன். பனியனைப் பாத்ததும் அவங்க முகம் வெளுத்துருச்சு. "எங்க ஸ்கூல்ல இப்படி நடக்காதுங்க. நடந்திருந்தா நான் சும்மா விட மாட்டேன்." அக்கா விடல. "அப்போ இந்தக் கால் யாரோடது? சொல்லுங்க! பெரிய ஆளோட கால் இது!" டீச்சர் கண்ல தண்ணி நிக்குது. எனக்கு சோபா ஞாபகம் வருது. மூட்டை ஞாபகம் வருது. வாயைத் திறக்கப் போறேன். சத்தியமா திறக்கத்தான் போனேன்.

அதுக்குள்ள வாண்டு கிளாஸ்ல இருந்து ஓடி வந்தா. பனியனை ஒரு பார்வை பாத்தா. மூஞ்சி மலர்ந்துருச்சு.

"ஐ, மாமா நட்சத்திரம்!"

அவ விரல் காட்டின தரையை எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. பளபளன்னு தொடைச்ச வராண்டாவுல, கேட்ல இருந்து நான் நிக்கற இடம் வரைக்கும், வரிசையா ஈர நட்சத்திரம்.

அக்கா நிமிர்ந்தா. "மாமா உன்னை மிதிச்சானா?"

"இல்லம்மா, பனியனைத்தான்."

"பனியனுக்குள்ள நீதானே இருந்தே?"

"நான் சட்டைக்குள்ள இருந்தேன். பனியன் மாமா பாக்கெட்ல இருந்துச்சு. தினம் அங்கதான் இருக்கும்."

மச்சான் என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ள இதெல்லாம்?"னு கேட்டாரு பாருங்க! அந்த நடிப்புக்கு எந்த நடிகனும் கிட்ட நிக்க முடியாது. ஆனா பெத்த பொண்ணு விடுவாளா? "அப்பா, நீதானே கழட்டச் சொல்லுவ?"

அவ்வளவுதான். ஸ்கூல்னும் பாக்காம ஆரம்பிச்சுட்டாங்க. சளி, சூடு, அடுப்பு, ஐஸ் பெட்டி, எல்லாம் வராண்டாவுல. டீச்சர்தான் கீழ உக்காந்து வாண்டுகிட்ட கேட்டாங்க. "உனக்குப் பனியன் பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும். கதகதன்னு இருக்கும்." அக்கா மச்சானை ஒரு பார்வை பாத்தா. "ஆனா பின்னாடி லேபிள் குத்தும். அதான் சொறிவேன்."

மச்சான் சூடு சூடுன்னு அத்தனை நாள் குதிச்சது, கழுத்துல தச்சிருந்த ஒரு துண்டு லேபிளுக்கு!

"ஏன்டி சொல்லல?"னு அக்கா கேட்டா.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கவே இல்லையே."

டீச்சர் உள்ள போய், பசங்க காகிதம் வெட்டற மொண்ணைக் கத்திரிக்கோல் கொண்டு வந்து, அந்த லேபிளை வெட்டிக் குப்பையில போட்டாங்க. அக்கா அவங்க கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டா. நானும் கேட்டேன். மச்சானும் பைஜாமாவோட கேட்டாரு.

அப்புறம் அக்கா மெதுவா என் பக்கம் திரும்பினா. "பொய் சொன்னா என்னன்னு சொன்னேன்?"

"மூட்டையைக் கட்டணும்னு சொன்னக்கா."

"ஞாபகம் இருக்குல்ல?"

பதில் சொல்றதுக்குள்ள தும்மல் வந்துருச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா. வராண்டாவே அதிர்ந்துச்சு. அக்கா சட்டுன்னு என் காலருக்குள்ள கையை விட்டா. "டேய்! நீ பனியன் போடலையா?"

"என்கிட்ட இல்லக்கா. அம்மா வாண்டுக்குக் குடுத்து விட்ட பனியனே பெட்டியில பாதி இடத்தைப் பிடிச்சுருச்சு. என்னோடதை எடுத்து வெளிய வச்சுட்டேன்."

அடுத்து நடந்ததுதான் அதிசயம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி திட்டினாங்க. மச்சான் சொல்றாரு, "இந்தக் குளிர்ல பனியன் இல்லாம எவனாவது வெளிய போவானா? அறிவிருக்கா மாப்ள?" அக்கா, "நல்லா கேளுங்க!"ங்கறா. நான் வந்ததுல இருந்து அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது இது ஒண்ணுதான். வீடு வர்ற வரைக்கும் திட்டினாங்க. வாண்டுவும் நாளைக்குத் திட்டறதாச் சொல்லிட்டு கிளாஸுக்குப் போனா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மச்சானோட பனியன் ஒண்ணை என் மேல வீசினா. அதுக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேர் போகலாம். அப்புறம் தீர்ப்பு சொன்னா. "சளியோட ஆளை வெளிய அனுப்பினேன்னு எனக்குக் கெட்ட பேர் வேணாம். சளி சரியாகற வரைக்கும் சோபாவுல இரு. அப்புறம் பாக்கலாம்." மச்சான் எனக்கு மட்டும் தெரியற மாதிரி கண்ணடிச்சாரு.

அதனால அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். வாண்டுக்கு இனிமே எதுவும் அனுப்ப வேணாம், லேபிள் எல்லாத்தையும் நானே வெட்டிட்டேன். எனக்குத்தான் வேணும். அப்பா சைஸ், கை வச்ச பனியன், நாலு. ஆனா தயவுசெஞ்சு விமானத்துல அனுப்பிராதீங்க. கப்பல்ல போடுங்க. மெதுவா வரட்டும்.