மச்சினன் பெயரில் ஒரு சாஃப்ட்வேர்

எங்கள் லாட்ஜில் பிளம்பர் ஞானதுரைக்கு நடந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால், நானும் நேராக முதலாளியிடமே போய் விலை பேசியிருப்பேன். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஞானதுரை சொந்தமாக ஒரு கருவி செய்து மாட்டினார். ஏதாவது கிடைக்குமா என்று தலையைச் சொறிந்தார். முதலாளி வல்லிநாயகம் அண்ணாச்சி அவர் தோளில் தட்டி, நம் வீட்டு வேலைக்கு யாராவது கூலி கேட்பார்களா என்று சிரித்தார். பொங்கலுக்கு ஒரு வேட்டி கொடுத்தார். அதையே கடைக்காரன் கொண்டுவந்திருந்தால் கேட்ட விலையைக் கொடுத்திருப்பார். வெளி ஆள் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.

நான் அந்த லாட்ஜின் ரிசப்ஷனில் இருப்பவன். குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டால் எங்களைத் தேடி வருவது குரங்குகள்தான். அப்படிச் சும்மா கிடந்த மாதங்களில், படித்து மறந்த பி.சி.ஏ.வைத் தூசி தட்டி, என் சொந்த லேப்டாப்பில் ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் ஒன்றை எழுதினேன். ஒரே ரூமைப் போனில் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் நின்று வசவு வாங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதில் ‘தடை’ என்று ஒரு பட்டன் வைத்தேன். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டால், அதை அமுக்கினால் போதும். அன்று வரவேண்டிய அத்தனை பேருக்கும் மெசேஜ் போகும், வேறு தேதி வேண்டுமா என்றும் கேட்கும். முதல் தடவை அது ஒழுங்காக ஓடியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை ஒரு வேட்டிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. மச்சினன் முத்துராஜைப் பிடித்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். என் கல்யாணத்துக்கு முதலாளி மொய்க் கவரைக் கொடுத்தனுப்பியதோடு சரி, அதனால் அவனை அவருக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு கம்பெனிப் பெயர் வைத்து, விசிட்டிங் கார்டு அடித்து, ஷூ வாங்கிக் கொடுத்து, வீட்டில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். என் மனைவி இசக்கிசெல்வி அந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எழுதுனது நீங்க. இதுல ஒங்க பேரு எங்கன இருக்கு?”

பேர் எதற்கு, வேலையும் இருக்கும், வருஷா வருஷம் சந்தாவும் வரும் என்று அவள் வாயை அடைத்தேன். வீடு இலஞ்சியில், மகளும் அங்கேயே படிக்கிறாள், லாட்ஜும் பக்கத்தில். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

முத்துராஜின் மண்டையில் தடை பட்டனைத் தவிர எதுவும் ஏறவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. லாட்ஜுக்கு வந்து அவன் அதை அமுக்கிக் காட்டியதும் அண்ணாச்சி அசந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாலே மணி, வெளி ஆளுக்கு நம்ம கஷ்டம் எப்படித் தெரிஞ்சிருக்கு. நீயும் இங்கனதான் இத்தன வருஷமா இருக்க.”

பேரம் பேசாமல் வாங்கினார். சந்தாவுக்கும் சம்மதித்தார். முத்துராஜுக்குக் காபி வரவழைத்தார். காபி வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் என் நடிப்பு ஆரம்பமானது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி முதல் நாளே தட்டினால் சந்தேகம் வரும். அதனால் தடுமாறினேன். வேண்டுமென்றே தப்பான இடத்தில் அமுக்கினேன். முத்துராஜ் சொல்லிக்கொடுக்க வந்தபோது, அண்ணாச்சி முன்னால், மவுஸை அப்படிப் பிடிக்கக் கூடாது சார் என்று என் கையைத் திருத்தினான். வீட்டில் அத்தான் அத்தான் என்று குழைகிறவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

சந்தா நிலைக்க வேண்டுமே என்று இன்னொன்றும் செய்தேன். அண்ணாச்சி ரிசப்ஷன் பக்கம் வரும்போதெல்லாம் கம்பெனிக்குப் போன் போட்டு ஏதாவது சந்தேகம் கேட்பேன். கம்பெனி இல்லாமல் காரியம் நடக்காது என்று அவருக்குத் தோன்ற வேண்டும் என்பது என் கணக்கு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சுகந்திக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அந்தப் பெண் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அதற்குள் சீசனும் வந்தது. தடை விழுந்த நாட்களில்கூட ரிசப்ஷனில் சத்தம் இல்லை. என் சாஃப்ட்வேர் ஒரு தடவைகூடக் கைவிடவில்லை. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல வழியில்லை.

சீசன் முடிந்ததும் முத்துராஜ் சந்தா வாங்க வந்தான். இனிமேல் ரிசப்ஷனுக்கு எத்தனை ஆள் வேண்டியிருக்கும் என்று அண்ணாச்சி அவனைக் கேட்டிருக்கிறார். சரக்கை உயர்த்திப் பேசுகிற உற்சாகத்தில், ஒரு ஆளே தாராளம் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் மடையன். மறுநாள் காலை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சுகந்திப் புள்ள டக்குனு புடிச்சிக்கிட்டா. ஒனக்கு வரல. அதுல தப்பில்லலே, எல்லாருக்கும் எல்லாம் வருமா? திருவேங்கடத்துல நம்ம தங்கச்சி மாப்ளைக்கு உரக் குடோன் இருக்கு, ஆள் வேணுங்காரு. ஊரு தூரந்தான், அங்கனயே தங்கிக்கிடலாம். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒண்ணும் கெடையாது. ஒனக்குத் தோதா இருக்கும்.”

அதை எழுதினதே நான்தான் என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் எத்தனை நாள் ஏமாற்றினாய் என்று கேட்பார். முத்துராஜின் கடையும் மானமும் போகும், வாங்கிய காசையும் திருப்பிக் கேட்பார். குடோனும் கிடைக்காது. என்னைப் பார்த்து அவர் உண்மையாகவே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார். சரி அண்ணாச்சி என்றேன்.

மேசையிலிருந்த டிபன் பாக்ஸையும் துண்டையும் பையில் போட்டேன். சுகந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவன் பெயரை உடனே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். பாவம், அவளுக்கு அதை எடுக்கும் வழி மட்டும் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று முத்துராஜ் வைத்துவிட்டான் போல. அடுத்த நிமிஷம் என் பாக்கெட்டில் போன் அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தேன்.

“அத்தான், லாட்ஜுல ஒரு ஆள் பேர எடுக்கணுமாம். எங்கன போயி எடுக்கணும்?”

யார் பெயர் என்று அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ‘ஆட்கள்’ என்ற பக்கத்துக்குப் போய், பெயரைத் தொட்டு, கீழே சிவப்பாக இருப்பதை அமுக்கச் சொன்னேன். உள்ளே சுகந்தியின் போன் அடிப்பதும், அவள் சரி சார் சரி சார் என்பதும் வாசலுக்குக் கேட்டன. பஸ்ஸுக்குப் போகலாம் என்று படி இறங்கும்போது மறுபடியும் முத்துராஜ் கூப்பிட்டான்.

“அத்தான், நிச்சயமா எடுக்கணுமான்னு திருப்பிக் கேக்குதாம். என்ன சொல்லட்டும்?”

கைதவறி யார் பெயரும் போய்விடக் கூடாது என்று அந்தக் கேள்வியை வைத்ததும் நான்தான்.

“ஆமான்னு அமுக்கச் சொல்லு மாப்ளே” என்றேன்.