கத்தாத சார்ஜர்

கூடப்பிறந்த அக்கா போட்டு வைத்துவிட்டுப் போன சோறு தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. சார்ஜர் செய்து விற்பவனின் மனைவி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "நான்தானே அந்த வயர அறுக்கச் சொன்னேன்?"

அந்தத் தெரு மின்சாரத்தின் லட்சணம் அப்படி. காலையில் பல்பை வெடிக்க வைக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டதும் சுருண்டு படுத்துக்கொள்ளும். மகளின் மூச்சு மிஷினோ பாட்டரியில் ஓடுவது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாங்கி அந்தப் பாட்டரியை சார்ஜ் செய்ய அவனே ஒரு சார்ஜர் கட்டிக் கொடுத்திருந்தான். வோல்டேஜ் ஒரேயடியாக இறங்கினால் மட்டும் அது நின்றுவிடும். நின்றதும், மாற்றுப் பாட்டரியை மாட்டச் சொல்லி பஸ்ஸர் கத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாழாய்ப்போனது தினமும் கத்தியது. தினமும் பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழக்கூட மூச்சுப் போதாமல் தவித்தாள். பெற்றவள் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? "அந்தச் சனியன நிறுத்தித் தொலைங்க" என்றாள். அவனும் பஸ்ஸர் வயரை அறுத்தான். இனி சார்ஜர் நின்றுவிட்டதா என்று அதன் விளக்கை இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. கடைசியில், அவள் பார்த்திருப்பாள் என்று அவனும், அவன் பார்த்திருப்பான் என்று அவளும் இருந்துவிட்டார்கள். பாட்டரி சத்தமில்லாமல் தீர்ந்துபோனது.

அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இங்க பாரும்மா. வயரு இருந்திருந்தாலும் அது கத்தியிருக்காது. வயர அறுத்தப்புறம், உள்ள பஸ்ஸர கத்த வைக்கிற ரிலேவ மாத்தினேன், அத தப்பா மாட்டியிருக்கேன். நேத்துதான் பிரிச்சுப் பாத்தேன்."

பச்சைப் பொய். ரிலே குத்துக்கல்லாட்டம் சரியாகத்தான் இருந்தது. வயரை மட்டும் விட்டிருந்தால் பஸ்ஸர் தெருவையே கூட்டியிருக்கும், பிள்ளையும் பிழைத்திருப்பாள். அதைச் சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று அவனுக்குப் பயம்.

அவள் தலையைத் தூக்கினாள். "அப்போ நீங்களா?"

"நான்தான்."

"எம் புள்ளைய..."

"ஆமாம்மா. நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. யாரோ எவரோ என்பது போல அவனைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கு அப்பாடா என்றும் இருந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போலவும் இருந்தது.

காய்ந்த சோறு தொண்டையில் அடைத்து அவளுக்கு விக்கல் எடுத்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் டம்ளரை இடது கையால் தள்ளி வைத்துவிட்டு, விக்கிக்கொண்டே அடுத்த வாயை எடுத்தாள்.