இரண்டு கன்டெய்னர் அன்னாசி

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ‘வல்லரசுகளின் பொருளாதார மிரட்டலை நேச நாடுகள் சமாளிப்பது எப்படி?’ என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. உட்கார்ந்தேன்.

‘உலக வணிக அரங்கில் இன்று நிலவும்...’

கொட்டாவி வந்தது. (எழுதுகிறவனுக்கே வந்தால் உங்கள் கதி?) அந்த நேரம் பார்த்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சக்திகுமார் போன் செய்தான்.

“அண்ணே, சாம்பார்லயும் அன்னாசியப் போட்டுட்டாவ!”

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. எனக்கு ஒரே குஷி.

2.
விஷயம் இதுதான். ஒரு சின்னத் தீவு நாடு. (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் வரைபடத்தைத் தேடிக்கொண்டு போய்விடுவீர்கள்.) பெரிய நாடொன்றைப் பற்றி அது ஏதோ உள்ளதைச் சொல்லிவிட்டது. பெரிய நாட்டுக்குக் கோபம். மன்னிப்புக் கேட்கும் வரை உன் அன்னாசியை வாங்க மாட்டேன் என்றது. துறைமுகத்தில் பழம் அழுக ஆரம்பித்ததும், நட்பு நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டன. சக்திகுமாரின் முதலாளிகள் அந்தத் தீவுக்காரர்கள்தான். ஒரு கன்டெய்னர் நேரே கம்பெனி கேன்டீனுக்கு வந்து நின்றது.

கேன்டீனைக் காண்டிராக்ட் எடுத்து நடத்துபவர் மண்ணூர் அந்தோணிமேரி. அவருக்குக் கீழே பதினான்கு பெண்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தட்டில் மிஞ்சியதை எல்லாம் தராசில் போட்டு, ‘நேற்று வீணானது இத்தனை கிலோ’ என்று வாசல் பலகையில் எழுதுவார்கள். தொடர்ந்து மூன்று நாள் நாற்பது கிலோவைத் தாண்டினால் காண்டிராக்ட் போச்சு.

(இந்தப் பத்தியைச் சுருக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

3.
முதல் நாள் அன்னாசி ரசம். டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். அடுத்த நாள் கேசரிக்குக் கைதட்டல். எட்டாம் நாள் அன்னாசிப் புளிக்குழம்பு, ஐம்பத்திரண்டு கிலோ வீண். ஒன்பதாம் நாள் ஐம்பத்தெட்டு.

“இன்னா கண்ணு, அப்டியே வச்சிட்ட?” என்று சக்திகுமாரின் தட்டைப் பார்த்துக் கேட்டார் மேரியக்கா. “நாளிக்கும் இப்டி ஆச்சுன்னா நாங்க பதினஞ்சு பேரும் வூட்டுக்குத்தான்.”

அப்போது அவர் கண்களில்...

(வேண்டாம். நான் அவரை அழவைத்தால் கரண்டியோடு வந்துவிடுவார்.)

பத்தாம் நாள் கணக்கு, மறுநாள் காலைப் பலகையில்: மூன்றே கிலோ!

4.
கம்பெனியின் ஆயிரத்து இருநூறு பேரும் தின்றுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். டிபன் பாக்ஸில், கேரி பேக்கில், ஒருவன் ஹெல்மெட்டுக்குள் என்று ஒளித்துவைத்துக் கம்பெனி பஸ்ஸில் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரூம்கள் இருக்கும் வல்லக்கோட்டை வரைக்கும் ரோட்டில் சாறு சொட்டியிருக்கிறது.

“ரூம் பூரா எறும்புண்ணே. மேரியக்காவுக்காவ அதுககூடயே படுத்துக் கெடக்கோம்” என்றான் சக்திகுமார். அந்தப் பயல்களை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

5.
பலகையைப் பார்த்த கம்பெனி அதிகாரி கோமதிநாயகம் குதித்துக்கொண்டு கேன்டீனுக்குள் வந்தார்.

“மேரியம்மா, நம்ம ஆளுங்களுக்கு அன்னாசின்னா உசுரு போல! இன்னும் ரெண்டு கன்டெய்னருக்குச் சொல்லிட்டேன்.”

போனை நீட்டினார். வீடியோவில் தீவுக்கார விவசாயப் பெண் ஒருத்தி. பின்னால் பழக் குவியல்.

“நாம வாங்கினா அவங்க யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்லயாம். எல்லாரும் விரும்பிச் சாப்பிடுறாங்களான்னு கேக்குறாங்க. சொல்லுங்க.”

பஸ் டிரைவர் காலையில்தான் வந்து, சாற்றைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். மேரியக்காவுக்கு எல்லாம் தெரியும்.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார். கன்டெய்னர் நின்றுபோகிறது. மூன்றாம் நாளும் வீண்தான் என்று தெரிந்து பதினைந்து பேர் வீட்டுக்குப் போகிறார்கள். தீவு மன்னிப்புக் கேட்கிறது.

முடிவு ஆ: ‘ஆமா’ என்கிறார். எறும்புகளுக்குக் கொண்டாட்டம். எத்தனை நாளைக்கு?

முடிவு இ: பெரிய நாடு மனம் திருந்தி... (சிரிக்காதீர்கள், அடித்துவிட்டேன்.)

நான் இப்படிக் குழம்பிக்கொண்டிருக்க, மேரியக்கா போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“ஒங்கிட்ட எத்தினி பேரும்மா வேலை செய்றாங்க?”

கோமதிநாயகம் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் போனை மெல்லத் திருப்பிக் காட்டினாள். பழப் பெட்டிகள் மேல் வரிசையாகப் பெண்கள். மேரியக்கா விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.

வரிசை நீளமாக இருக்கிறது. அவர் எண்ணி முடிப்பதற்குள் என்ன சொல்வார் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், என்னால் ஆகாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரகடம் பக்கம் வந்தால் பசியோடு வாருங்கள்.